வாய் அசையத் தொடங்கிய பிறகு: மருந்தை நிறுத்துவதா, மாற்றுவதா, இன்னொன்று சேர்ப்பதா?

என் அண்ணன் சின்ன வயதிலிருந்தே காபியை அண்ணாந்துதான் குடிப்பார். டம்ளர் உதட்டில் படாது. நான்கு வருடங்களுக்கு முன்பு ஒரு நாள் காலையில் காபி சட்டையில் வழிந்தது. மறுநாளும் வழிந்தது. "கவனம் எங்க இருக்கு உனக்கு?" என்று அம்மா திட்டினார். ஒரு வாரம் பார்த்துவிட்டு அண்ணன் ஒன்றும் பேசாமல் டம்ளரை வாயில் வைத்து உறிஞ்ச ஆரம்பித்தார். எச்சில் பண்ணுகிறார் என்று அதற்கும் திட்டு. ஒரு நாள் எதிரில் உட்கார்ந்து உற்றுப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. காபி வாயில் விழும் அந்த நொடியில் நாக்கு தானாக வெளியே வந்து அதைத் தள்ளிவிடுகிறது. குடிக்காத நேரத்திலும் தாடை மென்றுகொண்டே இருக்கிறது. அதற்கு முந்தைய மாதம்தான் வில்லிவாக்கம் ஸ்டேஷனில் ஒருவர், "வெத்தலைய ட்ரெயின்ல துப்பிடாதீங்க சார்" என்று அண்ணனிடம் சொல்லியிருந்தார். அண்ணன் வெற்றிலை போடுவதே இல்லை.

அண்ணனுக்கு ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய். அப்போது 19 வருடங்களாக மருந்தில் இருந்தார். தினமும் ஹாலோபெரிடால் மாத்திரை, மாதம் ஒரு ஃப்ளூஃபெனசின் ஊசி, கூடவே நடுக்கத்துக்காகக் காலையும் மாலையும் பாசிடேன் மாத்திரை. அந்த மருந்துகள்தான் அவரைக் காப்பாற்றின, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த 19 வருடங்களில், நாங்கள் போன இடங்களில் ஒருவர்கூட "வாயோ கை காலோ தானாக அசைந்தால் உடனே வந்து சொல்லுங்கள்" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இரண்டு வருடமாவது முன்னாடியே கண்டுபிடித்திருப்போம். அண்ணனைப் போல ஒருவர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அதனால்தான் எங்கள் முன் இருந்த வழிகளையும், எதை ஏன் விட்டோம், எதை ஏன் எடுத்தோம் என்பதையும் எழுதுகிறேன்.

இதற்கு டார்டிவ் டிஸ்கைனீசியா என்று பெயர். தாமதமாக வரும் அசைவுக் கோளாறு என்று பொருள். மனச்சிதைவுக்கான மருந்துகள் மூளையில் டோபமின் என்ற, நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கின்றன. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தடுத்துக்கொண்டே இருந்தால், டோபமினை வாங்கும் இடங்கள் அளவுக்கு மீறிக் கூருணர்வு பெற்றுவிடுகின்றன என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். அப்புறம் கொஞ்சம் டோபமின் பட்டாலும் தசைகள் தேவையில்லாமல் இயங்குகின்றன. இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. இந்த வகையின் முதல் மருந்தான குளோர்ப்ரோமசின் 1952-இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஐந்தே வருடத்தில், 1957-இல், இந்த அசைவுகளைப் பற்றி ஜெர்மனியில் எழுதிவிட்டார்கள். 1964-இல் இந்தப் பெயரும் வந்துவிட்டது. இந்த மருந்துகளை நீண்ட காலம் எடுப்பவர்களில் சுமார் 4-ல் ஒருவருக்கு இது இருக்கிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு சொல்கிறது. பழைய தலைமுறை மருந்துகளில் அதிகம், புதியவற்றில் குறைவு. ஆனால் புதியதில் வராது என்று நினைத்துவிட வேண்டாம். வயதானவர்கள், பெண்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

வழிகளை ஒப்பிடும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மருந்தால் வரும் அசைவு ஒரே வகை கிடையாது. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றைக் கெடுத்துவிடும்.

மருந்து தொடங்கிய சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொள்வது, கண் விழிகள் மேலே ஏறி நிற்பது, நாக்கு தடித்து இழுப்பது எல்லாம் திடீர் டிஸ்டோனியா. பார்ப்பதற்குப் பயங்கரமாக இருக்கும். இதைப் பேய் என்று நினைத்து மந்திரிக்கக் கூட்டிப்போன குடும்பம் எனக்குத் தெரியும். நேராக அவசரப் பிரிவுக்குப் போனால் ஒரு ஊசியில் பெரும்பாலும் சரியாகிவிடும். கை நடுக்கம், முகத்தில் உணர்ச்சி இல்லாமல் போவது, அடி மேல் அடி வைத்து நடப்பது ஆகியவை மருந்தால் வரும் பார்கின்சன் நிலை. இதற்கும் டிஸ்டோனியாவுக்கும் பாசிடேன் உதவும்.

மூன்றாவது அகத்தீசியா. எனக்கு அதிகம் பயம் தருவது இதுதான். ஆளால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. உள்ளுக்குள் யாரோ முடுக்கிவிட்டதைப் போல இருக்கும். ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருப்பார், நிற்கும்போதும் கால் மாற்றி மாற்றி வைப்பார். வீட்டில் இருப்பவர்கள் "வியாதி முத்திப்போச்சு" என்று டாக்டரிடம் சொல்வார்கள். அவர் அதை நம்பி மருந்தைக் கூட்டுவார். அது இன்னும் மோசமாகும். தாங்க முடியாமல் உயிரை விட நினைப்பவர்களும் உண்டு. "படபடப்பா இருக்கார்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "உட்கார முடியவில்லை, நடந்துகொண்டே இருக்கிறார், மருந்து மாற்றிய பிறகுதான் இது ஆரம்பித்தது" என்று சொல்லுங்கள். ப்ரொப்ரனோலால் போன்ற மருந்துகளும் டோஸைக் குறைப்பதும் இதற்கு உதவும்.

நான்காவது அண்ணனுக்கு வந்தது. பொதுவாகக் குறைந்தது மூன்று மாதம் மருந்து எடுத்த பிறகு வரும். 60 வயது தாண்டியவர்களுக்கு ஒரு மாதத்திலேயே வரலாம். உதடு, நாக்கு, தாடை, விரல்கள் அசையும். சிலருக்கு இடுப்பும் தோளும்கூட. தூங்கும்போது நின்றுவிடும். சரி, இதற்கு என்ன செய்யலாம்?

முதலில் எல்லோருக்கும் தோன்றும் வழி: மருந்தை நிறுத்திவிடுவது. மருந்துதானே காரணம், நிறுத்தினால் தீர்ந்தது என்று எங்கள் பெரியப்பா சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் திடீரென்று நிறுத்தினால் முதல் சில வாரங்களில் அசைவு குறைவதற்குப் பதில் கூடும், ஏனென்றால் மருந்து அதை ஓரளவு அடக்கியும் வைத்திருந்தது. நிறுத்தியும் அசைவு போகாமலே இருப்பவர்கள் ஏராளம். இதற்கிடையில் மனநோய் திரும்பி வரலாம். அண்ணன் 2009-இல் தானாக மருந்தை விட்டார். ஆறு வாரத்தில், நோயால் அவர் காதில் கேட்கும் குரல்கள் திரும்பின. வீட்டை விட்டுப் போனவரை மூன்றாம் நாள் அரக்கோணத்தில் கண்டுபிடித்தோம். அவரைப் போன்றவர்களுக்கு இந்த வழி இல்லை என்றே சொல்வேன். மனச்சோர்வுக்கோ தூக்கத்துக்கோ கொஞ்ச காலம் இந்த வகை மருந்து கொடுக்கப்பட்டவர்களின் நிலைமை வேறு. அவர்களுக்கு அது இனியும் தேவையா என்று டாக்டரிடம் கேட்டு, படிப்படியாக நிறுத்துவதுதான் முதல் வழியாக இருக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான வழி டோஸைக் கூட்டுவது. இதை யாரும் ஒரு வழியாகச் சொல்வதில்லை, ஆனால் நடக்கிறது. கூட்டினால் சில வாரம் அசைவு அடங்கிவிடும், அதனால் பலன் கிடைத்த மாதிரி இருக்கும். உண்மையில் அது அடியில் வளர்ந்துகொண்டிருக்கும். எங்களுக்கும் ஒரு இடத்தில் இதைச் செய்தார்கள். இரண்டு மாதம் அண்ணனின் வாய் அமைதியாக இருந்தது. மூன்றாம் மாதம் நாக்கோடு கைவிரல்களும் சேர்ந்துகொண்டன.

மூன்றாவது, பாசிடேனைப் பற்றிய முடிவு. இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் சென்னையில் மனநல மருந்துச் சீட்டுகளைப் பார்த்தால் பாதிக்குப் பாதியில் இந்த மாத்திரை இருக்கும் என்றுதான் என் அனுபவம் சொல்கிறது. நடுக்கத்துக்கு ஆரம்பத்தில் கொடுத்தது அப்படியே வருடக்கணக்கில் தொடர்ந்துவிடுகிறது. டார்டிவ் டிஸ்கைனீசியாவுக்கு இது உதவாது, பெரும்பாலும் கூட்டும். வாய் வறட்சி, மலச்சிக்கல், மங்கலான பார்வை, மறதி வேறு. வயதானவர்களுக்குச் சிறுநீர் அடைப்பும் வரலாம். அதனால் இதைக் குறைப்பது செலவில்லாத, ஆபத்து குறைந்த முதல் படி. ஆனால் இதையும் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. அண்ணனுக்கு நான்கு மாதம் பிடித்தது. முதல் மாதம் நடுக்கம் கொஞ்சம் எட்டிப்பார்த்தது, பிறகு அடங்கியது. மறதி குறைந்ததை அம்மாதான் முதலில் கவனித்தார். பால் பாக்கெட் கணக்கை அண்ணன் மறுபடியும் சரியாகச் சொல்ல ஆரம்பித்திருந்தார்.

நான்காவது, மருந்தை மாற்றுவது. இங்கேதான் நாங்கள் அதிக நாள் யோசித்தோம். அசைவுக் கோளாறு குறைவாக வரும் மருந்துகள் என்று இரண்டைச் சொல்வார்கள்: குவெட்டியாபின், குளோசபின். குவெட்டியாபின் எடுப்பது சுலபம். தூக்கம் வரும், எடை கூடும், எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம், ஆனால் வாரா வாரம் ரத்தம் கொடுக்க வேண்டியதில்லை. ஹாலோபெரிடாலில் மட்டும் கட்டுப்பட்ட கடுமையான நோய்க்கு இது போதுமா என்பதுதான் கேள்வி.

குளோசபினுக்கு வேறு கணக்கு. மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாத ஸ்கிசோஃப்ரினியாவுக்கும் வேலை செய்யும் மருந்து அது. அசைவுக்கு அது காரணமாவது மிகவும் அரிது, ஏற்கனவே இருக்கும் அசைவைப் பலருக்குக் குறைக்கவும் செய்கிறது. ஆனால் நூற்றில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கு ரத்த வெள்ளை அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடும். அதனால் முதல் 18 வாரம் வாரம் ஒரு ரத்தப் பரிசோதனை, அதன் பிறகு இடைவெளி விட்டுத் தொடர வேண்டும். காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருக்கக் கூடாது, அன்றே ரத்தம் பார்க்க வேண்டும். மலச்சிக்கலைச் சாதாரணமாக விடக் கூடாது, குடல் அடைப்பு வரை போகலாம். ராத்திரி எச்சில் வழியும், எடையும் சர்க்கரையும் கூடும். இன்னொன்று பலருக்குத் தெரியாது. பீடி, சிகரெட் பிடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் ரத்தத்தில் குளோசபின் அளவு ஏறிவிடும். அண்ணன் பீடி பிடிப்பவர். விடப் போகிறார் என்றால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறோம்.

ஐந்தாவது, இருக்கும் மருந்தோடு அசைவுக்கென்று ஒன்றைச் சேர்ப்பது. மனநோய் நன்றாகக் கட்டுக்குள் இருந்து, அந்த மருந்தைத் தொடவே பயமாக இருப்பவர்களுக்கு இதுதான் இயல்பான வழி. டோபமின் வெளியே வரும் முன் அதைப் பொதிந்து வைக்கும் ஒரு புரதத்தை இந்த மருந்துகள் மட்டுப்படுத்துகின்றன. நம் ஊரில் அதிகம் எழுதப்படுவது டெட்ராபெனசின். அதன் அடுத்த தலைமுறையான வால்பெனசினுக்கும் டியூடெட்ராபெனசினுக்கும் 2017-இல் அமெரிக்க அரசு இந்தக் கோளாறுக்கென்றே அனுமதி கொடுத்தது. ஆய்வு ஆதாரத்தை மட்டும் பார்த்தால் வரிசையில் முன்னே நிற்பவை இந்த இரண்டும்தான். அமெரிக்காவில் மாதம் ஆயிரக்கணக்கான டாலர் ஆகும் மருந்துகள் இவை. டெட்ராபெனசினைக் குறைந்த அளவில், பெரும்பாலும் 12.5 மில்லிகிராமில் தொடங்குவார்கள். பலனும் தெரியும். ஆனால் தூக்கக் கலக்கம், பார்கின்சன் போன்ற இறுக்கம், முக்கியமாக மனச்சோர்வு வரலாம். தற்கொலை எண்ணம் பற்றிய எச்சரிக்கையும் அந்த மருந்தோடு சேர்ந்தே வருகிறது. அண்ணன் ஒரு முறை உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர். அதனால் இதை நாங்கள் பின்னுக்குத் தள்ளினோம். அப்படி எதுவும் இல்லாத ஒருவருக்கு, நோயும் கட்டுக்குள் இருந்தால், மருந்தை மாற்றுவதை விட இதைத்தான் முதலில் யோசிக்கச் சொல்வேன்.

வைட்டமின் ஈ, குளோனசெபம், ஜின்கோ என்றும் பெயர்கள் வரும். சிலருக்குக் கொஞ்சம் உதவலாம், அவற்றை மட்டும் நம்பி மாதங்களைக் கடத்த வேண்டாம். கழுத்து, கண் இமை என்று ஓரிடத்தில் மட்டும் இறுக்கம் இருந்தால் போட்டாக்ஸ் ஊசி நல்ல வழி, அதற்கு நரம்பியல் நிபுணர் வேண்டும்.

கடைசி வழி, ஒன்றும் செய்யாமல் கவனித்துக்கொண்டே இருப்பது. இதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அசைவு லேசாக இருந்து, சாப்பிடுவதும் பேசுவதும் மூச்சு விடுவதும் பாதிக்காமல், ஆளுக்கும் தொந்தரவில்லை என்றால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அளந்து பார்த்துக்கொண்டு இருக்கலாம். ஆனால் அளக்க வேண்டும்.

அளப்பதற்கு 1976-லிருந்தே ஒரு முறை இருக்கிறது, சுருக்கமாக எய்ம்ஸ் அளவுகோல் என்பார்கள், டெல்லி மருத்துவமனைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பத்து நிமிடம் போதும். மதிப்பெண் போடுவது டாக்டரின் வேலை, ஆனால் பார்ப்பதை வீட்டிலேயே பார்க்கலாம். வாயில் எதுவும் இல்லாமல், செருப்பைக் கழற்றி, கைப்பிடி இல்லாத நாற்காலியில் முழங்காலில் கை வைத்து உட்காரச் சொல்லுங்கள். வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொல்லுங்கள். அப்புறம் கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களையும் வேகமாகத் தொட்டுக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டு, விரலைப் பார்க்காதீர்கள், வாயையும் கால் விரல்களையும் பாருங்கள். கவனம் விரலுக்குப் போனதும் மறைந்திருக்கும் அசைவு வெளியே வரும். அவரிடம் சொல்லிவிட்டு, சம்மதித்தால், செல்போனில் ஒரு நிமிடம் எடுத்து வையுங்கள். ஓபி வரிசையில் மூன்று மணி நேரம் நின்று டாக்டர் முன் மூன்று நிமிடம் உட்காரும்போது அந்த வீடியோ பேசும் அளவுக்கு நம்மால் பேச முடியாது. எங்கள் விஷயத்தில் முதல் முறை சரியாகக் கேட்ட டாக்டர், வீடியோவைப் பார்த்துவிட்டு நாற்காலியை அண்ணன் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். என்னிடம் கேட்கவில்லை. "உங்களுக்கு இது எவ்வளவு தொந்தரவா இருக்கு?" என்று அவரிடம் கேட்டார்.

அண்ணன் யோசித்துவிட்டு, "வாய் ஆடினா ஆடட்டும் சார். குரல் திரும்ப வந்தா நான் தாங்க மாட்டேன்" என்றார். பிறகு, "ட்ரெயின்ல பக்கத்துல உட்காந்தவங்க எழுந்து போறாங்க, அது மட்டும் கஷ்டமா இருக்கு" என்றார்.

எங்கள் முடிவு அதிலிருந்து வந்தது. குரல்களைத் திரும்ப விடாத மருந்து வேண்டும், அசைவைக் குறைக்கவும் வேண்டும், மனச்சோர்வைத் தூண்டவும் கூடாது. முதலில் பாசிடேனைக் குறைத்தோம். பிறகு ஊசியை நிறுத்தி, ஹாலோபெரிடாலை மெல்லக் குறைத்துக்கொண்டே குளோசபினை மெல்ல ஏற்றினார்கள். 18 வாரமும் செவ்வாய்க்கிழமை காலை தெருமுனை லேபில் ரத்தம். நான் வேலைக்குப் போகிறவள், அம்மாவுக்கு முட்டி வலி. கூட்டிப்போக ஆளில்லாத வீடு என்றால் இந்த வழியை எடுக்கும் முன் இரண்டு தடவை யோசியுங்கள் என்பேன், பாதியில் ரத்தப் பரிசோதனையை விடுவது உயிருக்கே ஆபத்து.

எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு: முதலில் இப்போது மருந்து எழுதும் மனநல மருத்துவரிடமே. நேராக நரம்பியலுக்குப் போனால் அவர் அசைவைப் பார்ப்பார், மனநோயின் கதை அவருக்குத் தெரியாது. சந்தேகம் தீரவில்லை என்றால் இருவரையும் பார்க்கலாம். நம் ஊரில் அதற்கு வழி இருக்கிறது. 1794-இல் தொடங்கி இப்போது அயனாவரம் பக்கத்தில் இயங்கும் அரசு மனநலக் காப்பகம், சென்ட்ரல் எதிரில் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் தொண்டு நிறுவனம், எல்லாம் ஒரே பஸ் தூரம். ஆனால் "கீழ்ப்பாக்கம்" என்ற சொல்லையே இந்த ஊர் வசவாக ஆக்கி வைத்திருக்கிறது. அந்த வசவுக்குப் பயந்து வாசல் மிதிக்காதவர்களின் அசைவை யார் பார்ப்பார்கள்? நேரில் போகத் தயக்கம் என்றால் 14416-க்குக் கூப்பிட்டு, மத்திய அரசின் டெலி மானஸ் சேவையில் தமிழிலேயே பேசலாம். பக்க விளைவு என்று சந்தேகம் வந்தால் 1800 180 3024 என்ற இலவச எண்ணில் நோயாளியோ குடும்பமோ நேரடியாகப் பதிவு செய்யலாம். மருந்தின் பக்க விளைவுகளைக் கேட்டுத் தெரிந்துகொள்வது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் கொடுத்திருக்கும் உரிமை. தயங்காமல் கேளுங்கள்.

மனநல மருந்தே சாப்பிடாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் கீழ் வீட்டு அக்காவின் மாமியாருக்கு உதடு அசைய ஆரம்பித்தபோது பல்செட் சரியில்லை என்று இரண்டு முறை மாற்றினார்கள். அவர் இரண்டு வருடமாக வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டிருந்த காஸ் மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பார்த்தால், அதில் லெவோசல்பிரைடு சேர்ந்திருந்தது. அதுவும் டோபமினைத் தடுக்கும் மருந்துதான். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைடும் அப்படித்தான், அதை 12 வாரத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்று அமெரிக்காவில் 2009-இலேயே கடும் எச்சரிக்கை போட்டார்கள். தலைசுற்றலுக்கு மாதக்கணக்கில் எடுக்கும் சின்னரிசின், ஃப்ளுனரிசினும் இந்தப் பட்டியலில் உண்டு. பழைய சீட்டைக் காட்டி வாங்கிக்கொண்டே இருக்கும் மாத்திரை எது உங்கள் வீட்டில் இருந்தாலும் அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

அண்ணனுக்கு இப்போது 51 வயது. குளோசபினுக்கு மாறி இரண்டு வருடம் ஆகிறது. குரல்கள் இல்லை. எட்டு கிலோ ஏறியிருக்கிறார், அதற்காகச் சாயங்காலம் ஐசிஎஃப் பக்கம் நடந்துவிட்டு வருகிறார். மாதத்தின் முதல் ஞாயிறு அந்த ஒரு நிமிட வீடியோவை எடுக்கிறோம், இப்போதெல்லாம் "இன்னைக்கு ஞாயித்துக்கிழமை" என்று அவரே நாற்காலியை எடுத்துப் போடுகிறார். போன மாத வீடியோவில் நாக்கு உள்ளேயே இருந்தது. தாடை எப்போதாவது அசைகிறது. கால் விரல்கள் மட்டும் இன்னும் தரையில் எதையோ பிசைகின்றன. காபியை இன்னமும் உறிஞ்சித்தான் குடிக்கிறார், அம்மா அவருக்கென்று தனி டம்ளர் வைத்துவிட்டார்.